ஒரே ஒரு மெஷினோடு இஎம்சி டெஸ்ட்டுக்குப் போன கதை

கோவை கணபதியில் நானும் மச்சினனும் சேர்ந்து ஒரு சின்னப் பட்டறை நடத்துகிறோம். ஸ்பின்னிங் மில்களின் தர ஆய்வுக்கூடத்துக்கான கருவிகள் செய்வது தொழில். அதில் நன்றாக ஓடுவது நூலின் முறுக்கை எண்ணும் மெஷின். நூலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையை ஸ்டெப்பர் மோட்டாரால் சுழற்றி, அங்குலத்துக்கு எத்தனை முறுக்கு என்று திரையில் காட்டும். திண்டுக்கல், ராஜபாளையம், உடுமலை என்று பல மில்களில் வருடக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கிறது. எந்த மில்காரரும் ஒரு நாளும் இஎம்சி பற்றிக் கேட்டதில்லை. கருவி சுற்றிலும் ரேடியோ இரைச்சல் கிளப்பக் கூடாது, வெளியில் இருந்து வரும் மின் அடிக்குத் தானும் சாயக் கூடாது என்பதுதான் இஎம்சி. போன வருடம் போர்ச்சுகலில் இருந்து ஆறு மெஷினுக்கு ஆர்டர் வந்தது. கூடவே ஒற்றை வரியில் ஒரு நிபந்தனை: சிஇ குறி வேண்டும். ஐரோப்பாவில் விற்கும் பொருள் அங்கத்திய விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் குறி அது.

அந்த ஒரு வரி எங்களை மூன்று மாதம் அலையவிட்டது. இதில் எங்களுக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். முதல்முறை லேப்புக்குப் போகிறவர்கள் யாராவது படித்துவிட்டுப் போனால் ஒரு நாள் வாடகையாவது மிஞ்சும்.

முதலில் நாங்கள் சிஇ என்பது ஏதோ ஐரோப்பிய அலுவலகம் தரும் சான்றிதழ் என்று நினைத்திருந்தோம். ஒரு ஏஜென்ட் எட்டாயிரம் ரூபாய்க்கு ‘சர்டிபிகேட்’ எடுத்துத் தருகிறேன், மெஷினைக்கூட அனுப்ப வேண்டாம் என்றார். மெஷினைப் பார்க்காமலே சான்றிதழா என்று சந்தேகம் வந்ததால் தப்பித்தோம். உண்மையில் எங்களைப் போன்ற கருவிக்கு ஐரோப்பிய இஎம்சி விதியின்படி, அதாவது 2014/30 எண்ணுள்ள டைரக்டிவ்படி, உற்பத்தியாளர்தான் ‘இது விதிக்கு உட்பட்டது’ என்று கையெழுத்துப் போட்டு அறிவிக்க வேண்டும். லேப் தருவது டெஸ்ட் ரிப்போர்ட் மட்டும். நாளைக்கு யாராவது கேள்வி கேட்டால் அந்த ரிப்போர்ட்தான் நம் கையில் இருக்கும் ஆதாரம். கையெழுத்து நம்முடையது, பொறுப்பும் நம்முடையது. மின்பாதுகாப்பு விதி தனி. அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

பெங்களூரில் என்ஏபிஎல் (லேப்களுக்கு அங்கீகாரம் தரும் இந்திய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஒரு தனியார் லேப்பில் இரண்டு நாள் பதிவு செய்தோம். சென்னை தரமணியில் மத்திய அரசின் சமீர் நிறுவனத்தின் மின்காந்த மையம் இருக்கிறது. அங்கும் கேட்டிருக்கலாம், ஆனால் அவசரத்தில் முதலில் தேதி கொடுத்த இடத்தைப் பிடித்துக்கொண்டோம். அங்கீகாரம் இருக்கிறது என்று மட்டும் பார்க்காமல், நமக்கு வேண்டிய தரநிலையின் எண் அவர்களுடைய அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் மெஷினுக்கு உரியது இஎன் 61326-1, அளவிடும் மற்றும் ஆய்வுக்கூடக் கருவிகளுக்கானது. அதைக்கூட லேப்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன்.

லேப் ஒரு படிவம் அனுப்பியது. மெஷின் எந்தச் சூழலில் ஓடும், எந்த நிலையில் டெஸ்ட் செய்ய வேண்டும், எது நடந்தால் ‘பெயில்’ என்றெல்லாம் கேள்விகள். பாதியை நிரப்பி, மீதியை ‘நேரில் பேசிக்கொள்ளலாம்’ என்று விட்டுவிட்டேன். நேரில் பேசும்போது மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும் என்பது மண்டையில் ஏறவில்லை. வெளி ரேடியோ அலை நுழையாத சேம்பர் என்ற அறைக்கு மணிக்கு ஐயாயிரம், மற்ற டெஸ்ட்டுகளுக்கு மணிக்கு மூவாயிரம், அதற்கு மேல் ஜிஎஸ்டி. ஆட்டோ ஏறிய பிறகு வழி விசாரிப்பது மாதிரிதான்.

விடியற்காலையில் காரின் பின்சீட்டில் 28 கிலோ மெஷினைப் படுக்கவைத்து, பெல்ட் போட்டு, சேலம் ஓசூர் வழியாகப் போனோம். ஒன்பதரைக்கு ஆரம்பம். பத்து மணிக்கு மெஷினை 80 சென்டிமீட்டர் உயரமுள்ள மர மேஜையில் ஏற்றினார்கள். மேஜை ஒரு சுழலும் தட்டின் மேல் இருக்கிறது. மூன்று மீட்டர் தள்ளி, மெஷின் கிளப்பும் ரேடியோ இரைச்சலைப் பிடிக்க ஓர் ஆன்டெனா. அது ஒரு மீட்டரில் இருந்து நாலு மீட்டர் வரை ஏறி இறங்கும். சுவர் முழுக்கக் கூம்பு கூம்பாக நுரை. கதவைச் சாத்தினால் உள்ளே ஆள் இருக்கக் கூடாது.

இங்கேதான் முதல் அடி. எங்கள் மெஷினில் ஒரு சோதனை நாற்பது வினாடியில் முடிந்துவிடும். அப்புறம் ஆள் வந்து புது நூலைக் கோத்து பட்டனை அழுத்த வேண்டும். ஆனால் தட்டு ஒரு முழுச் சுற்று சுற்றி, ஆன்டெனா ஏறி இறங்கும் வரை மெஷின் விடாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். லேப் இன்ஜினியர், சின்னப் பையன்தான், பொறுமையாகக் கேட்டார்: “சார், கன்டினியூவஸா ஓடுற மோட் இல்லீங்களா?” இல்லை. மச்சினன் லேப்டாப்பைத் திறந்தான். புரோகிராமின் மூலக் கோப்பு பட்டறைக் கம்ப்யூட்டரில் கிடக்கிறது. “மச்சான், பத்து நிமிஷம் குடுங்க” என்றான். பட்டறையில் இருந்த பையனுக்குப் போன் போட்டு, அவன் கம்ப்யூட்டரைத் தேடித் திறந்து, வாட்ஸப்பில் கோப்பை அனுப்பி, இவன் மாற்றி ஏற்றி முடிக்கும்போது மணி பதினொன்றே முக்கால். நூல் வேறு விடாமல் சுழன்றால் அறுந்து போகிறது. கடைசியில் பக்கத்துக் கடையில் நைலான் நூல் வாங்கி வந்து கட்டினோம். அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு எட்டாயிரத்து எழுநூற்றைம்பது ரூபாய். பட்டறையில் உட்கார்ந்து செய்திருந்தால் ஒரு டீச் செலவு.

டெஸ்ட்டுக்கென்றே ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டு போங்கள். கருவியின் எல்லாப் பாகமும் ஒரே நேரத்தில் அதிகபட்ச வேலையில் இருக்க வேண்டும்: மோட்டார் முழு வேகத்தில், திரை முழு வெளிச்சத்தில், யூஎஸ்பியில் தகவல் போய்க்கொண்டே. கரண்ட் போய் வந்தால் ஆள் தொடாமலே அது திரும்ப ஆரம்பிக்க வேண்டும். இன்னொன்று, திரையில் எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் காட்டுங்கள். சேம்பருக்குள் இருக்கும் கேமரா வழியாகத்தான் பார்க்க வேண்டும். எங்கள் திரையில் எண்கள் கடுகு சைஸில் இருந்தன. மறுநாள் ரேடியோ அலைகளை மெஷின் மேல் வீசும் டெஸ்ட்டில், எண்ணிக்கை மாறியதா இல்லையா என்று நாங்கள் மூன்று பேரும் மானிட்டரில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றோம்.

சரி, மெஷின் ஓட ஆரம்பித்தது. லேப்காரரின் அளவுக் கருவித் திரையில் இரைச்சலின் கோடு எழும்பியது. வீட்டு உபயோகம் இல்லாத கருவி என்பதால் கிளாஸ் ஏ. மூன்று மீட்டரில் 30 முதல் 230 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லை 50 டெசிபல், அதற்கு மேல் 57. வீட்டில் புழங்கும் கருவி என்றால் இரண்டிலும் பத்து குறைவு. முதலில் 140 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பெரிய மேடு. மெஷினை அணைத்துப் பார்த்தால் மேடு அப்படியே நிற்கிறது! லேப்டாப்பின் சார்ஜர். ஒரிஜினல் கெட்டுப் போய், மாற்றாக மலிவாக வாங்கியது. அதைப் பிடுங்கியதும் மேடு படுத்துவிட்டது. அடுத்தவன் போட்ட சத்தத்துக்கு நான் அரை மணி நேரம் வியர்த்தேன். கூடப் போகும் லேப்டாப், சார்ஜர், கேபிள் எல்லாமே நல்லதாக இருக்கட்டும். முடிந்தால் லேப்டாப் பேட்டரியிலேயே ஓடட்டும். கருவியை அணைத்து ஒருமுறை அளந்து வைத்துக்கொள்வதும் முக்கியம்.

அதன் பிறகு வந்ததுதான் எங்களுடைய சொந்தச் சத்தம். 66, 100, 133, 166 என்று சீப்பின் பல் மாதிரி வரிசையாக ஊசிகள். 166-இல் 59 டெசிபல், எல்லையை விட 9 அதிகம். ஆறு டெசிபல் என்றால் புலத்தின் அளவு இரு மடங்கு. ஒன்பது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஊசிகளுக்கு இடையே 33 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி என்று பார்த்ததும் மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான். எங்கள் மெஷினின் ஏழு அங்குலத் திரைக்குப் படப்புள்ளிகளை அனுப்பும் துடிப்பு, அதாவது பிக்சல் கிளாக், 33.3 மெகாஹெர்ட்ஸ். திரையை மட்டும் அணைத்தோம், பல் வரிசை மாயம். இப்படி இடைவெளியைப் பார்த்தே திருடனைப் பிடிக்கலாம். அதனால் உங்கள் போர்டில் இருக்கும் ஒவ்வொரு கிரிஸ்டல், கிளாக், பவர் சப்ளையின் அதிர்வெண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள். எங்களுக்கு 33 ஞாபகம் இருந்தது அதிர்ஷ்டம்.

திருடனைத் தெரிந்தாலும் பிடித்துக்கொடுக்க எதுவும் கொண்டுபோகவில்லை. செம்பு டேப் இல்லை, கேபிளில் மாட்டி இரைச்சலை அமுக்கும் ஃபெரைட் வளையம் இல்லை, சால்டரிங் அயர்ன் இல்லை. இருந்தது ஒரு ஸ்க்ரூடிரைவரும் லேப்காரர் இரக்கப்பட்டுக் கொடுத்த ஓர் அரமும். முன்பக்கத் தகடும் பெட்டியும் சேரும் இடத்தில் நாங்கள் ஆசை ஆசையாகப் பூசிய பவுடர் கோட்டிங், இரண்டு உலோகமும் தொடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ முறுக்கியிருந்தால் போதும், எர்த் ஆகிவிடும் என்று நம்பியிருந்தோம். லேப்பின் பார்க்கிங்கில் பழைய பேப்பரை விரித்து, புது மெஷினின் ஓரத்தை அரத்தால் சுரண்டினேன். சாம்பல் நிறத் தூள் கால் மேலெல்லாம் கொட்டியது. மறுபடி ஏற்றி அளந்தால் 55. நாலு டெசிபல் குறைந்தது, ஆனால் இன்னும் ஐந்து அதிகம். மணி ஐந்தரை.

மறுநாள் காலை நான் செய்த முட்டாள்தனத்தை இப்போது நினைத்தாலும் கடுப்பாக இருக்கிறது. ‘கஷ்டமானதை முதலில் முடித்துவிடலாம்’ என்று சர்ஜ் டெஸ்ட்டை முதலில் வைக்கச் சொன்னேன். இன்ஜினியர் தயங்கினார். “கடைசியில வெச்சுக்கலாமே சார்” என்றார். நான் கேட்கவில்லை. இடி, மின்சார வாரியத்தின் ஸ்விட்ச்சிங் இதெல்லாம் லைனில் ஏற்றும் அடியைச் செயற்கையாகக் கொடுப்பது அது. தொழிற்சாலைச் சூழல் என்று படிவத்தில் குறித்திருந்ததால், லைனுக்கு லைன் ஒரு கிலோவோல்ட், லைனுக்கு எர்த் இரண்டு கிலோவோல்ட். லைனுக்கு லைன் மூன்றாவது அடியில் ‘டப்’ என்று ஒரு சத்தம், கொஞ்சம் கருகல் வாசனை, திரை இருட்டு. பவர் சப்ளை காலி.

மெஷின் ஒன்றுதான் கொண்டுபோயிருந்தோம். மாற்று பவர் சப்ளையும் இல்லை. மணி பத்தரை. மீதி நாள் முழுக்கப் பதிவு செய்தது செய்ததுதான். பில்லில் எந்தக் குறையும் வைக்கவில்லை, அவர்கள் மேல் தப்பும் சொல்ல முடியாது. மச்சினன் ஒன்றும் பேசவில்லை. தர்மபுரி தாண்டும் வரை காரில் யாரும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்து பவர் சப்ளையைப் பிரித்தால்தான் விஷயம் தெரிந்தது. ரெடிமேடாக வாங்கிப் போடுகிற மாட்யூல் அது. பழைய லாட்டில் நுழைவிடத்தில் சர்ஜ் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும் நீல நிற வேரிஸ்டர் ஒன்று இருக்கும். இந்த லாட்டில் அந்த இடத்தில் இரண்டு வெறும் துளைகள். மேலே அச்சடித்த வட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது, பல் விழுந்த ஈறு மாதிரி. சப்ளையர் ஐந்து ரூபாய் மிச்சம் பிடித்திருக்கிறார், எங்களிடம் சொல்லவில்லை. நாங்களும் திறந்து பார்க்கவில்லை. இப்போதெல்லாம் ஒவ்வொரு லாட்டிலும் ஒன்றைப் பிரித்து, பழைய போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் ஸ்டோருக்குள் விடுகிறோம். லேப்பில் பாஸான மெஷினும் விற்கிற மெஷினும் ஒன்றாக இல்லாவிட்டால் அந்த ரிப்போர்ட் வெறும் காகிதம்.

அந்தப் பயணத்தின் கணக்கு: சேம்பர் எட்டு மணி நேரம் நாற்பதாயிரம், மறுநாள் இருபத்து நாலாயிரம், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 75,520 ரூபாய். ஜிஎஸ்டி பிறகு வரவில் கழியும், ஆனால் அன்றைக்குக் கையை விட்டுப் போவது போனதுதான். பெட்ரோல், அறை, சாப்பாடு ஒன்பதாயிரம் சொச்சம். கையில் வந்தது: பாதி பெயில், மீதி செய்யவே இல்லை.

அடுத்த ஐந்து வாரம் பட்டறையிலேயே. பத்தாயிரத்துக்குள் கிடைக்கும் உள்ளங்கை அளவு ஸ்பெக்ட்ரம் அனலைசர் ஒன்று வாங்கினோம். கோஆக்ஸ் கேபிளின் முனையை ஒரு ரூபாய் நாணயம் அளவு வளையமாக வளைத்து, நடுக்கம்பியை அதைச் சுற்றியுள்ள உலோகப் பின்னலோடு பற்றவைத்தால் அதுவே ப்ரோப். அதைப் போர்டின் மேல் நகர்த்தினால் எங்கே கத்துகிறது என்று தெரிகிறது. லேப்பில் வரும் எண் இதில் வராது. ஆனால் நேற்றைக்கு இன்றைக்குக் குறைந்ததா கூடியதா என்று தெரியும், நமக்கு அது போதும். திரைக்குப் போகும் பட்டை கேபிளின் மேல் கொண்டுபோனால் ஊசி துள்ளியது. எஃப்எம் ரேடியோவைக்கூடப் பயன்படுத்தினோம். 33.3-இன் மூன்றாவது மடங்கு 100 மெகாஹெர்ட்ஸ் அல்லவா? ஸ்டேஷன் இல்லாத அந்த இடத்தில் ட்யூன் செய்து மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தால், திரையின் ஊசியை ரேடியோ ஒரு ஸ்டேஷன் என்று எடுத்துக்கொண்டு, இரைச்சல் சட்டென்று அமுங்கும். திரையை அணைத்தால் திரும்ப ‘உஸ்ஸ்’.

கேபிள்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நாங்கள் அதிகம் ஏமாந்தது இங்கேதான். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எந்தக் கேபிளும் ஆன்டெனாதான். ஒரு மீட்டர் கேபிளின் எல்லாக் கம்பிகளிலும் சேர்த்து ஒரே திசையில் 50 மெகாஹெர்ட்ஸில் வெறும் 5 மைக்ரோஆம்பியர் ஓடினாலே, மூன்று மீட்டரில் கிளாஸ் பி எல்லையான 40 டெசிபலைத் தொட்டுவிடும். கிளாஸ் ஏ என்றால் பதினைந்து சொச்சம். எங்கள் யூஎஸ்பி சாக்கெட்டின் உலோக உறை போர்டில் மட்டும் பற்றவைக்கப்பட்டிருந்தது, பெட்டியைத் தொடவே இல்லை. போர்டின் அழுக்கெல்லாம் கேபிளின் ஷீல்டு, அதாவது கம்பிகளைச் சுற்றியுள்ள உலோகப் பின்னல், வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. சாக்கெட்டைச் சுற்றிச் சின்ன ஸ்பிரிங் தகடு வைத்துப் பெட்டியோடு சேர்த்தோம். திரைக் கேபிளைக் குட்டையாக்கி, பெட்டிச் சுவரோடு ஒட்டி ஓடவிட்டோம். கிளாக் கம்பியில் தொடராக 33 ஓம் ரெசிஸ்டர். சுழற்சியை எண்ணும் என்கோடர் கேபிளின் ஷீல்டை விரல் நீளத்துக்கு முறுக்கி ஒரு கம்பியாக்கிப் போர்டில் கொடுத்திருந்தோம். அதைப் பிரித்து, சுற்றிலும் கவ்வும் கிளாம்ப் போட்டுப் பெட்டியிலேயே பிடித்தோம்.

வெளியில் இருந்து வரும் அடியைத் தாங்குகிறதா என்று பார்க்க வீட்டு வைத்தியம்: சமையலறையில் கேஸ் அடுப்பு லைட்டர் இருக்கிறதே, அந்த ‘டிக் டிக்’ லைட்டர், அதைத் திரையின் ஓரத்திலும் திருகுக் குமிழிலும் வைத்து அழுத்தினோம். மெஷின் உறைந்து நின்றது. நிலைமின்சாரப் பொறியைச் செயற்கையாகக் கொடுக்கும் லேப்பின் நிலைமின் துப்பாக்கி, தொட்டு 4 கிலோவோல்ட், காற்றில் 8 கிலோவோல்ட் என்று அளந்து கொடுக்கும். லைட்டருக்கு அளவும் கிடையாது, நியாயமும் கிடையாது. ஆனால் அதற்கே சாய்கிற மெஷினை லேப்புக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம் என்று தெரிந்துகொள்ளலாம். பழைய டிரில்லிங் மெஷினை அதே ப்ளக் பாயின்ட்டில் போட்டு ஆன் ஆஃப் செய்தபோது எண்ணிக்கை திடீரென்று பன்னிரண்டு கூடியது. மில்லில் இது எத்தனை தடவை நடந்திருக்கும், எத்தனை பேர் நூலின் மேல் பழி போட்டிருப்பார்கள் என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை. ஷீல்டு கிளாம்ப் போட்ட பிறகு அது நின்றது.

போகும் முன் அந்தப் படிவத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினேன். எது பெயில் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். டெஸ்ட் நடக்கும்போது எண்ணிக்கை எவ்வளவு வரை பிசகலாம், திரை கண்ணிமைத்தால் பரவாயில்லையா, தானாகத் திரும்பி வர எத்தனை வினாடி. எழுதித் தராவிட்டால் லேப்பில் அந்த நிமிடத்தில் வாக்குவாதம்தான், அதுவும் மணிக்கணக்கு பில்லில். மாடல் பெயர், சீரியல் எண், புரோகிராம் வெர்ஷன் மூன்றையும் ஸ்டிக்கராக அடித்து மெஷினில் ஒட்டிவிடுங்கள். முதல் தடவை அவசரத்தில் நான் சொன்ன மாடல் பெயர் பாதிதான் பேப்பரில் ஏறியிருந்தது.

இரண்டாம் முறை காரில் இரண்டு மெஷின். டிக்கியில் மூன்று பவர் சப்ளை, ஃபியூஸ், போர்டு ஒரு செட், செம்பு டேப், விதவிதமான ஃபெரைட், சால்டரிங் அயர்ன், சொந்த அரம். லேப்டாப்பில் மூலக் கோப்பு. பத்தரைக்கு அளவு திரையில் வந்துவிட்டது. 166-இல் 45 டெசிபல், எல்லைக்கு ஐந்து கீழே. இடத்துக்கு இடம் அளவில் இரண்டு மூன்று டெசிபல் வித்தியாசம் வரலாம் என்பதால் இந்த இடைவெளி வேண்டும். ஒரே டெசிபல் இடைவெளியில் பாஸ் ஆனால் தூக்கம் வராது. சேம்பர் ஆறு மணி நேரத்தில் முடிந்தது. நிலைமின், பர்ஸ்ட் (லைனில் சரம் சரமாக ஏற்றும் குட்டி அடிகள்), ரேடியோ அலை எல்லாம் மறுநாள் மதியத்துக்குள். சர்ஜ்? கடைசியில்தான். ஒவ்வொரு அடிக்கும் மச்சினன் கண்ணை மூடிக்கொண்டான். மெஷின் பாட்டுக்கு நைலான் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தது. 63,720 ரூபாய்.

ஆறு மெஷினும் ஏழு வாரம் தாமதமாகக் கப்பல் ஏறின. போர்ச்சுகல்காரர் தாமதத்துக்காக விலையில் கொஞ்சம் கழித்துக்கொண்டார், எவ்வளவு என்று சொல்ல மனசில்லை. இப்போது பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பும்போது தகட்டின் ஓரமெல்லாம் டேப் ஒட்டி அனுப்புகிறோம். முதல் தடவை கோட்டிங் கடைக்காரர் போன் போட்டார்: “ஏனுங்க, ஓரத்துல பெயின்ட் வேண்டாம்ங்கறீங்க, துருப் புடிச்சுக்குமுங்களே?” அதனால் இப்போது முதலில் ஜிங்க் பிளேட்டிங், அப்புறம் கோட்டிங். மெஷினுக்கு நூற்றெண்பது ரூபாய் கூடுதல்.